இன்னும் ரெண்டு கத்தரி

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் அந்த முடிவெட்டுகிறவர் வைத்திருந்த கடையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. ஒழுங்காக ஓடுகிற கடிகாரம்தான். ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருப்பார். முதல்முறை வருகிறவர்கள், வாத்தியார் தண்டனை கொடுத்து மூலையில் நிறுத்திய பையனைப் பார்ப்பதுபோல அதைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

நானும் கேட்டுவைத்தேன். மாமனார் கொடுத்ததாம். கழற்றி வைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது. நேராக மாட்டினாலோ, பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் மாறி மாறி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். “அந்த மூச்செல்லாம் என் பிடரியிலதான் வந்து விழுது தம்பி. அப்புறம் கை எப்படி நிதானமா நிக்கும்?” என்றார்.

ஆகவே அந்தக் கடையில் காலத்துக்கு வேறு அளவு இருந்தது. ஒரு தலை. நாற்காலியில் உட்கார்ந்தவன் தலையில் கத்தரி பட்டதிலிருந்து துணியை உதறுகிற வரைக்கும் ஒரு தலை நேரம். அது யாருடைய தலை என்பதைப் பொறுத்து நீளும், குறுகும். வழுக்கைத் தலையர் யாராவது நாற்காலியில் ஏறினால் பெஞ்சில் ஒரு பீதி கிளம்பும். ஏனென்று சொல்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறது, இதோ வந்துவிட்டது, வந்தால் என்ன ஆகும் என்று ஊரே வாயால் குஸ்தி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயே இருந்து பிரஜை ஆவதா, கப்பலேறி ஊருக்குப் போய்விடுவதா என்பது எங்கள் சனிக்கிழமைப் பெஞ்சின் நிரந்தரப் பிரச்சினை. பெஞ்சின் இடது பாதி இருக்கும் கட்சி, வலது பாதி போகும் கட்சி. நான் எங்கே இடம் கிடைக்கிறதோ அந்தக் கட்சி. ஒரு சனிக்கிழமை பேச்சு முற்றி, சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவரே நாற்காலியை விட்டுப் பாய்ந்து இன்னொருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை வழிந்தது. ஆகையால் பார்ப்பதற்கு அவ்வளவு வீரமாக இல்லை.

கடைக்காரர் சத்தம் போடவில்லை. சவரக் கத்தியை மடக்கி வைத்தார். சுவரில் தொங்கிய மளிகைக் கடைக் காலண்டரில் முடிந்துபோன மாதங்களைக் கிழித்து ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு துண்டுப் பென்சில் கொடுத்தார். போகணும் என்கிறவர் போகிற பாதையைப் போடட்டும், இருக்கணும் என்கிறவர் இருக்கிற பாதையைப் போடட்டும், பரமபதம் மாதிரி கட்டம் கட்டமாக. நான் இந்தத் தலையை முடிப்பதற்குள் போட்டுவிட்டால் எல்லாருமாகச் சோழி உருட்டி ஆடிப் பார்த்துவிடலாம் என்றார்.

ஆடிப் பார்த்தோம். சட்டைப் பொத்தான்கள்தான் காய்கள். போகும் கட்சிக்காரர் போட்ட பாதையில் கப்பல் ஏறிய மூன்றாம் கட்டத்திலேயே குமட்டல் வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. அவரே போட்ட பாதை, அவராலேயே நாகப்பட்டினம் போய்ச் சேர முடியவில்லை. இருக்கும் கட்சிக்காரருடைய பாதையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு சர்க்கார் மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள், அவன் வாயில் “நாளைக்கு வா”. கடைசியில் சட்டையைப் பிடித்தவரும் பிடிக்கப்பட்டவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நுரை காய்ந்துபோயிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் பாதை போடுவதுதான்.

தலைப்பு வேண்டுமல்லவா? அன்று கடைக்கு வரும் முதல் ஆள் வாய்திறந்து சொல்கிற முதல் குறைதான் அன்றைய தலைப்பு. “சே, என்னா மழை” என்று ஒருவர் குடையை மடக்கினால், மழையில் போகிற பாதை. ஒருமுறை ஒருவர் வந்ததும் வராததுமாக முதுகு அரிக்கிறது என்று தூணில் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு வந்த பாதைகளை இங்கே விவரிக்க முடியாது; குடும்பத்தினரும் படிப்பார்கள்.

அந்தக் கடையில் யாருடைய பாதையையும் நன்றாயிருக்கிறது என்றோ நன்றாயில்லை என்றோ சொல்லக்கூடாது. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். கத்தரியை நிறுத்திவிட்டுச் சும்மா பார்ப்பார். அதைவிடக் கோபித்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு கட்டத்தில் விரலை வைத்து, “இங்க வந்தா என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஒரு மாயம் உண்டு. கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டுத் தாளை மறைக்கிறவன்கூட, இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, “இங்க வந்தா, இந்த நாய் இருக்கே…” என்று ஆரம்பித்துவிடுவான். நான் போட்ட நாயை எல்லாரும் நாற்காலி என்றே நினைத்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. இங்க வந்தா என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். கடிக்கும் என்றேன். நாற்காலி எப்படிக் கடிக்கும் என்று கேட்காமல் மரியாதையாக இரண்டு கட்டம் பின்னால் போனார்கள்.

பரிசு கிடையாது. கிளம்பும்போது பாதை போட்ட எல்லார் கழுத்திலும் ஒரு கை வாசனைத் தண்ணீர் தெளிப்பார். முடி வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் தெளிப்பார். யாராவது போட்டி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், “போட்டி இல்ல லா. சும்மா மெயின்-மெயின்” என்று திருத்துவார். மலாயில் அப்படியென்றால் விளையாட்டுக்கு என்று அர்த்தம்.

இப்போது வழுக்கைத் தலைக்கு வருகிறேன். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, ஒரு மலாக்கா செட்டி வருவார். நெற்றியில் விபூதி, பேச்சு முழுக்க மலாய், தலை வழவழவென்று பலாக்கொட்டை. அவர் நாற்காலியில் ஏறினால் ஒரு தலை நேரம் என்பது ஒரு தும்மல் நேரம். பெஞ்சில் எல்லாரும் பதறிப்போய்ப் பென்சிலை ஓட்டுவோம். ஆனால் கடைக்காரர் இருக்கிறாரே, காதோரத்து நாலு முடியை வெட்டிவிட்டு, அப்புறம் அந்தத் தலைக்கு மேலே வெறும் காற்றை வெட்ட ஆரம்பிப்பார். டிக் டிக் டிக் என்று ஒரு தாளத்தோடு. பெஞ்சுப் பக்கம் திரும்பாமலே, “அவசரமில்ல, இன்னும் ரெண்டு கத்தரி இருக்கு” என்பார். செட்டியும் கண்ணை மூடியபடி, “டுவா குந்திங் லாகி” என்று அதையே மலாயில் சொல்லி ஆசீர்வதிப்பார். மலாக்காவிலேயே அதிக நேரம் முடிவெட்டிக்கொண்ட மனிதர் அவராகத்தான் இருக்கும். முழுக்கூலி கொடுத்துவிட்டுப் பெருமையாக இறங்குவார்.

முடி உள்ள தலையில் மட்டும் இந்தக் காற்று வித்தை கிடையாது. முடி இருக்கிறவனிடம் காசு வாங்கிக்கொண்டு காற்றை வெட்டுவது ஏமாற்று வேலை என்பது அவர் கொள்கை. ஆகவே முடியுள்ள ஒருவன் நாற்காலியில் இருந்து, பெஞ்சில் யாராவது பாதை முடிக்காமல் இருந்தால், வெட்டுவார். நிஜமாகவே வெட்டுவார். எவ்வளவு நல்ல மனிதரானாலும் அவர் கையில் கத்தரி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தபால்காரர் தங்கையின் கல்யாணத்திலும் இதே கூத்துதான். எங்கள் பெஞ்சின் தூண்களில் ஒருவர் அந்தத் தபால்காரர். முகூர்த்தம் நெருங்குகிறது, மாலை கட்டுகிறவருக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி. பூசாரி பறக்கிறார். மணமகளின் மாமா மண்டபத்துக் கடிகாரத்தைக் காட்டிக் கத்தலாம் என்று திரும்பினால், கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் ஆள் கீழே நின்று பூக்காரருக்கு நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சமயம் ஏதோ சங்கத்துச் செயலாளர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். சுதந்திரக் கொண்டாட்டத்தில் இதை முறையாக நடத்தலாம், நடுவர் போடலாம், மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிக்கலாம் என்று சொல்லி, முன்பணம் கொடுப்பதுபோல ஒரு வெள்ளிக் கோப்பையையும் ஒரு பித்தளை மணியையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் வணக்கம் சொல்லி அனுப்பிவைத்தார். “ஒருத்தனுக்குக் கோப்பையக் குடுத்தா மத்த அஞ்சு பேரும் அடுத்த வாரம் வேற கடைக்கு சேவிங் பண்ணப் போயிடுவாங்க தம்பி” என்றார் என்னிடம். அடுத்த வாரம் பார்த்தால் கோப்பையில் சவர பிரஷ் ஊறிக்கொண்டிருந்தது. மணி, செட்டி வீட்டு ஆட்டின் கழுத்தில். செயலாளர் அதற்குப் பிறகு சவரத்துக்கு வந்தார். அவருக்கும் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. சொல்லிவிடுகிறேன், மனிதர் அருமையாகக் குளம் போடுவார்.

இனி என் தலைக்கு வரலாம்.

நான் அப்போது ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதும் கிராணி. ஆணி எண்ணாமல் எடை போடலாம் என்று தெரிந்த அளவுக்குப் படிப்பு. இரண்டு வீட்டில் பெண் பார்த்து இரண்டு வீட்டிலும் காப்பியோடு முடிந்திருந்தது. தரகர் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, “மூஞ்சிய ஒண்ணும் பண்ண முடியாது. முடி நல்லா இருக்கு. அத மட்டும் ஒழுங்கா ஓரம் வெட்டிட்டு வா. மூணாவதும் போச்சுன்னா என்னை மறந்துடு” என்றார். உண்மைதான். நெற்றிக்கு மேலே சுருட்டி ஏற்றிவிட்ட அந்த முடிதான் என்னுடைய ஒரே அசையாச் சொத்து. காற்றடித்தால் மட்டும் கொஞ்சம் அசையும்.

பெண் வீடு புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். சனிக்கிழமை கடைக்குப் போனேன். அன்றைக்கு முதல் ஆள் தபால்காரர். எந்த வழியாகப் போனாலும் வீடு போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடுகிறது என்று குறைபட்டிருந்தார். ஆகவே தலைப்பு, வீடு போய்ச் சேர்வது.

நாற்காலியில் ஏறி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது இல்லாவிட்டால் எதிரே நிலைக்கண்ணாடியில் தெரிவது நானா, துணி போர்த்திய தண்ணீர்த் தாழியா என்று எனக்கே உறுதி கிடையாது. ஓரம் மட்டும் போதும் அண்ணே, நாளைக்குப் பெண் பார்க்கப் போகிறேன் என்றேன். பெஞ்சு விடுமா? வரப்போகிற மாமனார் எப்படி என்று தபால்காரர் கிளறினார். எனக்குக் கேட்பதற்கு ஆள் கிடைத்தால் போதும்.

“ரோட்டு வேலைக்கு மண்டோராம்” என்றேன். சாலை போடுகிற கூலிகளுக்குத் தலைவர் என்று பொருள். “தரகர் சொன்னாரு, ஆளும் ரோட் ரோலர் மாதிரிதானாம். மெதுவாத்தான் வருவாராம், எதிர்ல நின்னா நசுக்கிடுவாராம்.”

பெஞ்சு சிரித்தது. பெஞ்சின் கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த வெள்ளை மட்டும்தான். புது ஆள். கடைக்காரர் அவருக்கும் தாளும் பென்சிலும் கொடுத்தார். முடி வெட்ட வரவில்லை, ஒரு விசயம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார் அவர். கேட்கலாம், நான் எங்கே ஓடிவிடப் போகிறேன், இந்தத் தலை முடியட்டும், அதுவரை இதைப் போடுங்கள் என்றார் கடைக்காரர்.

“எனக்குப் படம் போட வராதுங்க.”

“வரத் தெரிஞ்சவங்க யாரும் இங்க வர்றதில்ல. நாற்காலியில இருக்கற தம்பி நாய் போட்டா நாற்காலி மாதிரி இருக்கும்.”

கடையின் ஒரே சட்டத்தை என் விசயத்தில் மட்டும் அவரே மீறினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

புது ஆள் குனிந்தார். மற்றவர்கள் எல்லாரும் போட்டு முடித்தார்கள். செட்டி முடித்தார், தபால்காரர் வழக்கம்போல எல்லாச் சந்துக்கும் குறுக்கு வழி போட்டு முடித்தார். புது ஆள் முடிக்கவில்லை. தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கான் போடுகிறார், அதற்கு மேலே பாலம் போடுகிறார், மைல்கல்கூடப் போடுகிறார் என்று வியப்போடு அறிவித்தார். “ரோடுன்னா தண்ணி போக வழி வேணுமில்ல?” என்றது வெள்ளைச் சட்டை, தலையைத் தூக்காமலே.

ரோட்டின் மேல் இவ்வளவு அக்கறை எவனுக்கு இருக்கும் என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். ஆனால் யோசிக்கிற உறுப்பின் மேல்தான் அப்போது கத்தரி ஓடிக்கொண்டிருந்தது.

ஓரம் முடிந்தது. கடைக்காரர் என் காதருகே குனிந்தார்.

“தம்பி, அவரு பாதிதான் வந்திருக்காரு. உனக்கோ நாளைக்குப் பொழப்பு இருக்கு. நிறுத்திடவா?”

அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. பெஞ்சு முழுக்க என் பதிலுக்குக் காத்திருந்தது. சபை கிடைத்தால் நான் சும்மா இருக்கிறவனா? கழுத்தில் கட்டிய துணிக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து, ராஜா நிலம் தானம் செய்வதுபோல வீசினேன்.

“வெட்டுங்கண்ணே. முடிதானே, வளரும்.”

பின்னங்கழுத்தில் ஒரு விரற்கடை போகும் என்று நினைத்தேன். வாசகர்கள் இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“அவசரமில்ல, இன்னும் ரெண்டு கத்தரி இருக்கு” என்றார். வெட்டினார். வெள்ளைச் சட்டை இன்னொரு பாலம் கட்டியது. மறுபடி இரண்டு கத்தரி. மடியில் ஏதோ மெத்தென்று விழுந்தது. பூனை ஏறிவிட்டது என்று நினைத்துத் தடவிக் கொடுத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் மாறியது. டிக் டிக் டிக். ஒரு தாளத்தோடு. அந்தத் தாளம் எனக்குத் தெரியும். அது வழுக்கைத் தலைகளுக்கு வாசிக்கிற தாளம்.

வெளியே பஸ்ஸின் ஹார்ன் அடித்தது. வெள்ளைச் சட்டை அவசரமாக எழுந்தது.

“இன்னும் வீடு வரலையே” என்றார், தாளைப் பார்த்து.

“இருங்கய்யா, இன்னும் ரெண்டு கத்தரி இருக்கு.”

“அந்தத் தம்பி தலையில இனிமே ஒண்ணும் இல்லைங்க. நான் வர்றேன், பஸ்ஸு போயிடும்.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. வாசனைத் தண்ணீரும் தெளித்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்தக் கடையிலிருந்து முடியாமல், ஆடாமல் ஒரு பாதை வெளியே போனது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக என் மூக்குக் கண்ணாடியை எடுத்து அவரே மாட்டிவிட்டார். பார்த்தேன்.  கம்பத்துச் செட்டிதான் எழுந்து வந்து, தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, புதுக் குடித்தனக்காரனை வரவேற்கும் முகத்தோடு, “செலாமாட் டாத்தாங்” என்றார். நல்வரவாம்.

அண்ணே, என் தலை என்றேன். அழுகிற குரலில் சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

“வளரும். நீதானே சொன்ன” என்றார். ஆனால் கண் வாசலில்தான் இருந்தது. “அந்த ஆளு எந்த ஊருன்னு யாருக்காவது தெரியுமா? பாவம், வீடு வராமலே போயிட்டாரே.”

மறுநாள் பஸ் நிற்குமிடத்தில் தரகர் என்னைப் பார்த்ததும் வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார். விசயத்தைச் சொன்னேன்.  கேட்டால் வேண்டுதல் என்று சொல்லு, மற்றபடி வாயைத் திறக்காதே என்றார். மூன்றாவதும் போய்விட்டது என்று இருவரும் பேசாமலே முடிவுசெய்துகொண்டு பஸ் ஏறினோம்.

வீட்டில் பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தேன், எனக்குத் தெரியாத முகம். வாயைத் திறந்தார்.

“வாங்க, உக்காருங்க. ரோட் ரோலர் எங்கயும் போயிடாது.”

குரல் தெரிந்த குரல்.  தரகர் நிலைமை புரியாமல் வேண்டுதல், பழனி, முருகன் என்று அடுக்கத் தொடங்கினார். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காஜா பெராங்லயும் பழனி இருக்கா?” என்றார். பிறகு உள்ளே எட்டி நின்ற மனைவியிடம் திரும்பினார்.

“மாப்பிள்ள கோபக்காரனான்னு அந்தக் கடையில விசாரிக்கத்தான் போனேன். பென்சிலக் குடுத்துட்டாங்க. கேக்க வந்ததே மறந்துபோச்சு.”

“அப்ப ஒண்ணுமே விசாரிக்கலையா?” என்றார் அந்த அம்மா.

“எதுக்கு விசாரிக்கணும்? நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறவன். எவனோ ஒருத்தன் பாதி பாதைதான் போட்டிருக்கான்னு, முடிதானே வளரும்னு தலையக் குடுத்துட்டு உக்காந்திருக்கான். என்னை ரோட் ரோலர்னு சொன்னது வேற கணக்கு.”

கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தரகர் என் காலை மிதித்தார். பல வருசம் கழித்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். கண்ணாடி இல்லாவிட்டால் உங்களுக்கு எருமை மாடே தெரியாது, இதுவா தெரிந்திருக்கும், எனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள்.

காப்பி வந்தது. காப்பித் தட்டுக்கு அடியில் அந்தக் காலண்டர் தாள். பெண்தான் தாளை விரித்து வைத்தாள். கானும் பாலமும் மைல்கல்லுமாக, மழை பெய்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காத பாதை. நடுவில் ஒரு கட்டத்தில், கழுத்துவரை துணி போர்த்திய உருவத்தின் மேல் ஒரு முட்டை. யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் பழக்க தோஷம், விரல் தானாக அங்கே போனது.

“இங்க வந்தா என்ன ஆகும்?”

“அப்பா ஒரு ஆட்டம் உக்காரணும்னு போட்டிருந்தாரு” என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. “நான் ரெண்டுன்னு மாத்திட்டேன். முடிக்கு ஒண்ணு, ரோட் ரோலருக்கு ஒண்ணு.”

பாதையின் கடைசியில் வீடு இருந்தது. பென்சில் கோடு வேறு கை. அப்பா பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாராம், ராத்திரி இவள்தான் உட்கார்ந்து போட்டாளாம். கதவைத் திறந்து போட்டிருந்தாள். எல்லாருமாக ஆடினோம். முதல் சுற்றிலேயே முட்டையில் போய் விழுந்து, இரண்டு ஆட்டம் கைகட்டி உட்கார்ந்தேன். மெய்யாகச் சொல்கிறேன், அந்த இரண்டு ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது. காப்பி ஆறிப்போனது. ஒருவரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு ஓடினேன். நாற்காலியில் ஆளில்லை. கடைக்காரர் கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணே, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றேன். சந்தோசம் தம்பி என்றார். ஆனால் சனிக்கிழமை தொங்கிய முகம் அப்படியே தொங்கியிருந்தது. பெண்ணின் அப்பா யார் தெரியுமா, அந்த வெள்ளைச் சட்டை அண்ணே என்றேன்.

கத்தி நின்றது.

“முடிச்சாரா?”

என் கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவர் முடிக்கவில்லை, மகள் முடித்தாள், எல்லாருமாக ஆடியும் பார்த்துவிட்டோம் என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“வீட்டுக் கட்டத்துக்கு வந்தா என்ன ஆகும்?”

“கதவு தொறந்திருக்குண்ணே.”

வாசனைத் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கழுத்தில் ஒரு கை தெளித்தார். இன்னொரு கை எடுத்து, இது உன் மாமனாருக்கு, சனிக்கிழமை வாங்காமல் போனது, மறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று அதையும் என் கழுத்திலேயே தெளித்தார். பிறகு நாற்காலித் துணியை எடுத்துப் பலமாக ஓர் உதறு உதறினார். தலையைச் சாய்த்து, மழித்த தேங்காய் போலிருந்த என் மண்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“வலது காதோரம் சரியா வரல. உக்காரு தம்பி. இன்னும் ரெண்டு கத்தரி இருக்கு.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.